எதுவும் மாறாது என்றவர்கள், எல்லாம் மாறும் என்றவர்கள்: ஸ்காட்லாந்து 2014

2014 ஆகஸ்ட் 5, இரவு. கிளாஸ்கோவில் ஓர் இசைக் கல்லூரி அரங்கிலிருந்து எஸ்டிவி தொலைக்காட்சியின் நேரலை. ஸ்காட்லாந்து பிரிட்டனை விட்டுப் பிரிந்து தனிநாடாக வேண்டுமா என்ற பொதுவாக்கெடுப்பில் ஓட்டுப்போட இன்னும் ஆறு வாரம்தான் பாக்கி. ஒரு பக்கம், பிரிய வேண்டும் என்ற ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் அலெக்ஸ் சாமண்ட். எதிரே, பிரிய வேண்டாம் என்ற அலிஸ்டர் டார்லிங், 2008 வங்கிச் சரிவின்போது பிரிட்டனின் நிதியமைச்சராக இருந்தவர். சாமண்ட் மேடைப் பேச்சில் புலி. டார்லிங்கைப் பார்த்தால் கணக்குப்பிள்ளை மாதிரி இருக்கும். சாமண்ட் ஊதித் தள்ளிவிடுவார் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள்.

டார்லிங் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டார். ஒரு நாட்டின் கொடி எது, தலைநகர் எது, நாணயம் எது என்று எட்டு வயதுப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். கொடி தெரிகிறது, தலைநகர் எடின்பரோ, சரி. நாணயம் என்ன? பவுண்டைப் பகிர மாட்டோம் என்று லண்டன் சொல்லிவிட்டதே, உங்கள் மாற்று ஏற்பாடு என்ன? பவுண்ட் எங்களுடையதும்தான் என்றார் சாமண்ட். டார்லிங் மறுபடி கேட்டார், மறுபடி அதே பதில். அரங்கில் கேலிக் குரல்கள் எழுந்தன. சாமண்டின் முறை வந்தது. பிரிந்தால் சாலையில் வலப்பக்கம் வண்டி ஓட்ட வேண்டியிருக்கும், விண்வெளியிலிருந்து தாக்குதல் வந்தால் என்ன செய்வீர்கள் என்றெல்லாம் எதிரணியினர் சொன்னதாக எடுத்துவைத்து டார்லிங்கைக் குடைந்தார். சோற்றுக்கு வழி கேட்டால் வேற்றுக்கிரகக் கதை சொல்கிறாரே என்பது போலாகிவிட்டது. உடனே எடுத்த ஐசிஎம் நிறுவனக் கருத்துக்கணிப்பில் டார்லிங்குக்கு 56 சதவீதம், சாமண்டுக்கு 44.

இந்த ஒரு கேள்விக்கு ஏன் சாமண்டால் பதில் சொல்ல முடியவில்லை? தயாரிப்புக் குறை என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருடைய விடுதலை வாதம் கட்டப்பட்ட விதத்திலேயே அந்த ஓட்டை இருந்தது.

எப்படி வந்தது இந்த ஓட்டு

1707இல் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஒரே நாடாளுமன்றத்தின் கீழ் வந்தன. 1979இல் தனிச் சட்டமன்றம் கேட்டு ஒரு வாக்கெடுப்பு நடந்தது. 51.6 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். ஆனால் மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் பேராவது ஆம் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையில் அது விழுந்தது. 1997இல் 74.3 சதவீதம் ஆதரவோடு நிறைவேறி, 1999இல் எடின்பரோவில் பாராளுமன்றம் கூடியது. எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை எளிதில் கிடைக்காதபடி வகுத்த தேர்தல் முறை அது. 2011இல் சாமண்டின் எஸ்என்பி, அதாவது ஸ்காட்லாந்து தேசியக் கட்சி, 129இல் 69 இடம் பிடித்து அந்தக் கணக்கைப் பொய்யாக்கியது. பொதுவாக்கெடுப்பு நடத்துவோம் என்பது அதன் தேர்தல் வாக்குறுதி.

பிரதமர் டேவிட் கேமரன் மறுக்கவில்லை. 2012 அக்டோபர் 15இல் இருவரும் எடின்பரோ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். லண்டன் நாடாளுமன்றம் தற்காலிகமாக அதிகாரத்தைக் கொடுக்கும், ஸ்காட்லாந்து வாக்கெடுப்பை நடத்தும், முடிவை இரு தரப்பும் மதிக்கும். தனிநாடு கேட்கும் ஒரு பகுதிக்கும் மைய அரசுக்கும் நடுவில் இவ்வளவு நாகரிகமான ஏற்பாடு உலகத்தில் அபூர்வம். கேமரன் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தார்: சீட்டில் இரண்டே விடைகள்தான். பிரியாமலே கூடுதல் அதிகாரம் என்ற மூன்றாவது விடைக்கு இடம் கிடையாது. அந்த மூன்றாவது விடைதான் கடைசி வாரத்தில் வாசல் வழி தள்ளிவிட்டவர் கையாலேயே கொல்லைப்புறமாக உள்ளே வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கேள்வியும் ஓட்டுரிமையும்

எஸ்என்பி முதலில் எழுதிய கேள்வி, "ஸ்காட்லாந்து ஒரு சுதந்திர நாடாக இருக்க வேண்டும் என்பதை ஏற்கிறீர்களா?" ‘ஏற்கிறீர்களா’ என்று கேட்டாலே மனசு ஆம் பக்கம் சாயும் என்று தேர்தல் ஆணையம் ஆட்சேபித்தது. அது எடுபட்டு, "ஸ்காட்லாந்து ஒரு சுதந்திர நாடாக இருக்க வேண்டுமா?" என்று ஆனது. சிறிய மாற்றம்தான். ஆனாலும் ‘ஆம்’ என்ற நல்ல சொல் பிரிவினைத் தரப்புக்கே கிடைத்துவிட்டது. ‘இல்லை’ என்று சொல்லிக்கொண்டு வீடு வீடாகப் போவது எவருக்கும் கசப்பான வேலை. எதிர்த்தரப்பு தன் அமைப்புக்கு ‘பெட்டர் டுகெதர்’, சேர்ந்திருப்பதே நல்லது, என்று பெயர் வைத்துக்கொண்டது சும்மா இல்லை. 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்பில் ஆம், இல்லை என்ற விடைகளையே எடுத்துவிட்டு ‘இருப்போம்’, ‘விலகுவோம்’ என்று அச்சடித்தார்கள்.

ஓட்டுரிமைதான் எனக்கு இதில் சுவாரசியமான பகுதி. ரத்தத்தைப் பார்க்கவில்லை, குடியிருப்பைப் பார்த்தார்கள். ஸ்காட்லாந்தில் சட்டப்படி வசிக்கும் காமன்வெல்த் நாட்டவருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தவருக்கும் ஓட்டு உண்டு. எடின்பரோவில் படிக்கப் போன கோயம்புத்தூர்ப் பிள்ளையும் அபர்தீன் எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்த திருச்சிக்காரரும் இந்தியக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டே பெயரைப் பதிந்து, ஒரு நாடு பிறக்கலாமா என்பதற்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கலாம். அதே சமயம் ஸ்காட்லாந்தில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த லட்சக்கணக்கானோருக்கு ஓட்டு இல்லை. வாழ்நாள் முழுக்க விடுதலை பேசிய நடிகர் ஷான் கானரி பஹாமாஸில் குடியிருந்தார், அவருக்கும் இல்லை. 16, 17 வயதுக்காரர்களுக்கு இருந்தது. ஒரு தேசியவாதக் கட்சி இப்படி ஒரு பட்டியலை ஏற்றது அதன் வாதத்துக்கே வலு. இங்கே வசிப்பவர்கள் முடிவெடுக்கட்டும் என்பதுதான் அவர்களுடைய ஒற்றை வரி.

ஆறு ஒன்றியங்கள்

2013 ஜூலையில் சாமண்ட் ஒரு பேச்சில் சொன்னார்: ஸ்காட்லாந்து ஆறு ஒன்றியங்களில் இருக்கிறது. அரசியல் ஒன்றியம், அரச குடும்பம், நாணயம், நேட்டோ பாதுகாப்பு, ஐரோப்பா, உறவும் பழக்கமுமான சமூக ஒன்றியம். இதில் முதல் ஒன்றை மட்டும் விடுவோம். மற்ற ஐந்தும் அப்படியே இருக்கும்.

அதே ஆண்டு நவம்பர் 26இல் வந்த 670 பக்க வெள்ளை அறிக்கையும் அந்த வழியில்தான் போனது. அரசி அரசியாகவே இருப்பார், பவுண்ட் இருக்கும், ஐரோப்பிய ஒன்றியத்தில் இடம் இருக்கும். டிரைடென்ட் அணு ஆயுத நீர்மூழ்கிகள் மட்டும் கிளைட் கரையிலுள்ள ஃபாஸ்லேன் கடற்படைத் தளத்தை விட்டுப் போக வேண்டும். விடுதலை நாளுக்குத் தேதிகூடக் குறித்தாகிவிட்டது, 2016 மார்ச் 24.

ஏன் இப்படி என்பது புரிகிற விஷயம்தான். 2012இல் தனிநாட்டுக்கு ஆதரவு மூன்றில் ஒரு பங்கு அளவில் இருந்தது. மதில்மேல் பூனையாக நின்றவர்களைக் கீழே இறக்க வேண்டும் என்றால் பயத்தைப் போக்க வேண்டும். தனிக்குடித்தனம்தான் போகிறோம், கிணறும் களமும் பொதுவாகவே இருக்கும் என்று சொல்வது போல. சிக்கல் என்னவென்றால், பொதுக் கிணற்றுக்கு அண்ணன் சம்மதமும் வேண்டும். வைத்துக்கொள்வோம் என்று சாமண்ட் சொன்ன ஐந்தில் மூன்று, நாணயமும் நேட்டோவும் ஐரோப்பாவும், அவர் கையில் இல்லாதவை. நம் முடிவை நாமே எடுப்போம் என்று கேட்கும் இயக்கம், தன் முக்கிய வாக்குறுதிகளை அடுத்தவர் முடிவின்மேல் கட்டி வைத்திருந்தது.

ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் பரோசோ 2014 பிப்ரவரியில், ஸ்காட்லாந்து ஒன்றியத்தில் சேர்வது மிகக் கடினம், முடியாமலேகூடப் போகலாம் என்றார். அது மிகை என்று பலரும் மறுத்தார்கள். ஆனால் பவுண்ட் விஷயத்தில் பகிர மறுத்தவர் கையில்தான் சாவி இருந்தது.

பவுண்ட்

ஸ்காட்லாந்து வங்கிகள் இன்றும் சொந்தமாக நோட்டு அடிக்கின்றன. பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து நோட்டில் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் இருப்பார். அந்தக் காலத்து கிளைட்ஸ்டேல் வங்கி 10 பவுண்ட் நோட்டில் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ். லண்டன் கடையில் நீட்டினால் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அடிக்கிற நோட்டுக்கு ஈடாக இங்கிலாந்து வங்கியின் பணத்தை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். முகம் உள்ளூர், முதுகெலும்பு லண்டன். பவுண்ட் எங்களுடையதும்தான் என்ற வாதம் சாதாரண ஸ்காட்லாந்துக்காரருக்கு நியாயமாகப் பட்டதில் வியப்பில்லை.

சாமண்டின் அரசு அமைத்த நிபுணர் குழுவில் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர்கள் ஸ்டிக்லிட்ஸும் மிர்லீஸும் இருந்தார்கள். இரு நாடுகளும் ஒரே நாணயத்தையும் ஒரே மத்திய வங்கியையும் முறைப்படி பகிர்ந்துகொள்ளலாம் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் யூரோ நெருக்கடியில் கிரேக்கம் பட்ட பாட்டை எல்லோரும் பார்த்து முடித்திருந்த நேரம் அது. ஒரே நாணயம் என்றால் ஒரு நாட்டின் வங்கி விழும்போது மற்ற நாட்டின் வரிப்பணமும் ஈடு நிற்க வேண்டும். எடின்பரோவைத் தலைமையகமாகக் கொண்ட ஆர்பிஎஸ் வங்கியை 2008, 2009இல் 45 பில்லியன் பவுண்ட் போட்டுத் தூக்கி நிறுத்திய நினைவு ஆறவில்லை. ஸ்காட்லாந்து வங்கிகளின் சொத்து அதன் பொருளாதாரத்தைப் போல 12 மடங்குக்கும் மேல் என்று பிரிட்டன் நிதித்துறை கணக்குக் காட்டியது. இங்கிலாந்து வங்கியின் ஆளுநர் மார்க் கார்னி ஜனவரியில் எடின்பரோ வந்து, ஒரே நாணயம் வேண்டும் என்றால் இறையாண்மையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று பதமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

2014 பிப்ரவரி 13இல் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் அதே ஊருக்கு வந்து பதமெல்லாம் பார்க்காமல் சொன்னார்: பிரிட்டனை விட்டுப் போனால் பவுண்டையும் விட்டுப் போகிறீர்கள். எதிர்க்கட்சியின் எட் பால்ஸும், கூட்டணிக் கட்சியின் டேனி அலெக்சாண்டரும் ஒத்து ஊதினார்கள். சாமண்டின் பதில், இது வெறும் மிரட்டல், ஓட்டு முடிந்த மறுநாள் இறங்கி வருவார்கள். பவுண்ட் இல்லை என்றால் பிரிட்டன் கடனில் எங்கள் பங்கும் இல்லை. பாகப்பிரிவினையில் சொத்து இல்லாதவனுக்குக் கடன் எதற்கு என்ற நம்மூர் நியாயம்தான் இது. மார்ச் இறுதியில், பெயர் வெளியிடாத ஒரு பிரிட்டன் அமைச்சர் ஒரு நாளிதழிடம், நாணயப் பகிர்வு கடைசியில் நடக்கத்தான் செய்யும் என்று உளறிவைத்தார். சாமண்டுக்கு அல்வா கிடைத்த மாதிரி.

விசித்திரம் என்னவென்றால், ஆஸ்போர்ன் பேச்சுக்குப் பிறகு ‘இல்லை’ தரப்பின் முன்னிலை ஏறவில்லை. அடுத்து வந்த வாரங்களில் இடைவெளி குறையத்தான் செய்தது. சொன்ன விஷயத்தில் உண்மை இருந்தது. சொன்னவர், ஸ்காட்லாந்தில் செல்லாக்காசாகிவிட்ட கட்சியின் அமைச்சர், விமானத்தில் வந்து அதட்டிவிட்டுத் திரும்பிப் போனவர். அதே வாதத்தை ஆகஸ்டில் எடின்பரோ எம்பியான டார்லிங் சொன்னபோது அது சுருக்கென்று தைத்தது.

பூச்சாண்டி

‘ப்ராஜெக்ட் ஃபியர்’ என்ற பெயரை எதிரிகள் வைக்கவில்லை. பெட்டர் டுகெதர் அலுவலகத்துக்குள்ளேயே வேடிக்கையாகப் புழங்கிய சொல், 2013இல் பத்திரிகைக்குக் கசிந்தது. பூச்சாண்டித் திட்டம் என்று தங்களுக்குத் தாங்களே பெயர் சூட்டிக்கொண்டவர்கள் அவர்கள். தொனி அப்படித்தான் இருந்தது. நேட்டோவின் முன்னாள் தலைவர் ஜார்ஜ் ராபர்ட்சன், அவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான், 2014 ஏப்ரலில் வாஷிங்டனில் பேசும்போது பிரிவினை நடந்தால் உலக அளவில் பெரும் பேரழிவு என்றும் இருளின் சக்திகள் கொண்டாடும் என்றும் சொன்னார். ஐம்பத்து மூன்று லட்சம் பேர் வாழும் நாட்டைப் பற்றி! கேட்டவர்கள் சிரித்துவிட்டார்கள், அப்புறம் நிஜமான எச்சரிக்கையையும் சேர்த்துச் சிரிப்பில் தள்ளினார்கள்.

ஆகஸ்டில் வந்த ஒரு விளம்பரப் படம் இன்னும் மோசம். சமையலறையில் தேநீர்க் கோப்பையோடு ஒரு பெண் உட்கார்ந்து, வீட்டுக்காரர் எந்நேரமும் வாக்கெடுப்பைப் பற்றியே பேசுகிறார், எனக்கோ யோசிக்க நேரமே இல்லை என்று அலுத்துக்கொண்டு, கடைசியில் இல்லை என்று முடிவெடுப்பார். பெண்களிடம்தான் ‘இல்லை’ ஆதரவு கூடுதலாக இருந்தது. அவர்களையே மட்டம் தட்டினால் எப்படி? இணையம் அந்தப் படத்தைக் கிழித்துத் தொங்கப்போட்டது.

மறுபக்கம், ஆம் தரப்பின் உண்மையான பலம் வெள்ளை அறிக்கையில் இல்லை. தெருவில் இருந்தது. அங்கே யாரும் ஆறு ஒன்றியம் பற்றிப் பேசவில்லை. அப்போது பிரிட்டனை ஆண்ட கன்சர்வேட்டிவ் கட்சிக்கு ஸ்காட்லாந்தின் 59 இடங்களில் ஒரே ஒரு எம்பி. எடின்பரோ மிருகக்காட்சி சாலையில் இரண்டு பாண்டாக்கள். எங்களிடம் கன்சர்வேட்டிவ் எம்பிக்களைவிடப் பாண்டாக்கள் அதிகம் என்பது அந்த நாட்களில் எல்லோர் வாயிலும் இருந்த நகைச்சுவை. நாங்கள் தேர்ந்தெடுக்காத அரசு எங்களை ஏன் ஆள வேண்டும் என்ற கேள்வியை 670 பக்கத்தைவிட அது நன்றாகச் சொன்னது. உள்ளாட்சி வாடகைக்கு விடும் கவுன்சில் குடியிருப்புகளில், வருடக்கணக்காக ஓட்டுப்போடாதவர்களின் கதவைத் தட்டிப் பெயர் பதியவைத்தார்கள். மருத்துவச் சேவை தனியார் கைக்குப் போகும், அணு ஆயுதத்துக்குக் கொட்டும் பணத்தில் ஏழைகளுக்கு என்னென்ன செய்யலாம் என்ற பேச்சு. எதுவும் மாறாது என்று தலைவர் சொல்ல, எல்லாவற்றையும் மாற்றுவோம் என்று தொண்டர்கள் சொன்னார்கள். தலைவரைவிடத் தொண்டர்களிடம்தான் ஓட்டு சேர்ந்தது என்பது என் கணிப்பு.

ஸ்காட்லாந்தின் கடல் எண்ணெய் வருமான விஷயத்தில் ஆம் தரப்பு சாமர்த்தியமாக நடந்துகொள்ளவில்லை. பீப்பாய்க்குச் சுமார் 113 டாலர் என்று வைத்து வெள்ளை அறிக்கை கணக்குப் போட்டது. 2016 ஜனவரியில் விலை 30 டாலருக்குக் கீழே போயிற்று.

கடைசிப் பன்னிரண்டு நாள்

ஆகஸ்ட் 25இல் இரண்டாவது விவாதம். சாமண்ட் மேசையை விட்டு வெளியே வந்து சபையைப் பார்த்துப் பேசினார். ஒன்று கேட்டீர்களே, மூன்று மாற்றுத் திட்டம் தருகிறேன் என்றார். பவுண்டை யாரும் தடுக்க முடியாது, உபயோகிக்கலாம்தான் என்று டார்லிங் ஒப்புக்கொண்டதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஐசிஎம் கணிப்பு இம்முறை 71க்கு 29, சாமண்ட் பக்கம். யூகவ் நிறுவனக் கணிப்பில் ஆகஸ்ட் தொடக்கத்தில் 22 புள்ளி முன்னால் இருந்த ‘இல்லை’ தரப்பு, செப்டம்பர் 6 இரவு வெளியான கணிப்பில் 49க்கு இறங்கியது. ஆம் 51.

லண்டன் ஆடிப்போனது. பவுண்டின் மதிப்பு சரிந்தது. பிரிந்தால் சட்டப்படியான பதிவு முகவரியை இங்கிலாந்துக்கு மாற்றுவோம் என்று ஆர்பிஎஸ், லாயிட்ஸ் வங்கிகள் அறிவித்தன. ஸ்காட்லாந்திலுள்ள பால்மோரல் அரச மாளிகை அருகே தேவாலயத்துக்கு வெளியே அரசி, மக்கள் எதிர்காலத்தைப் பற்றி நன்றாக யோசிப்பார்கள் என்று நம்புகிறேன் என ஒரு வார்த்தை விட்டார். செப்டம்பர் 16இல் டெய்லி ரெக்கார்ட் நாளிதழின் முதல் பக்கம், பழைய தோல்சுருள் போன்ற பின்னணியில், ‘சபதம்’ என்ற தலைப்பில் வந்தது. பிரிட்டனின் மூன்று பெரிய கட்சித் தலைவர்கள் கேமரன், மிலிபேண்ட், கிளெக் மூவரின் கையெழுத்து. இல்லை என்று சொல்லுங்கள், ஸ்காட்லாந்து பாராளுமன்றத்துக்குப் பெரிய அதிகாரங்கள் தருகிறோம். சீட்டிலிருந்து கேமரன் துரத்திய மூன்றாவது விடை இதுதான். இதற்குப் பின்னால் நின்று கால அட்டவணை போட்டவர் முன்னாள் பிரதமர் கார்டன் பிரவுன்.

ஆக, பிரிய வேண்டும் என்றவர்கள் எதுவும் மாறாது என்று சத்தியம் செய்ய, பிரிய வேண்டாம் என்றவர்கள் எல்லாம் மாறும் என்று சபதம் செய்த நிலையில் மக்கள் ஓட்டுச்சாவடிக்குப் போனார்கள்.

முடிவு

செப்டம்பர் 18. பதிந்திருந்த 42,83,392 பேரில் 84.6 சதவீதம் பேர் வந்தார்கள். இல்லை 20,01,926 (55.3%), ஆம் 16,17,989 (44.7%). 32 கவுன்சில் பகுதிகளில் ஆம் ஜெயித்தது நான்கே இடத்தில்: கிளாஸ்கோ, டண்டீ, மேற்கு டன்பார்ட்டன்ஷயர், வடக்கு லனார்க்‌ஷயர். நான்கும் பழைய தொழிற்சாலை ஊர்கள், ஏழ்மை அதிகம். எண்ணெய்ப் பணம் புழங்கும் அபர்தீன் இல்லை என்றது.

வாக்களித்த கையோடு லார்ட் ஆஷ்கிராஃப்ட் எடுத்த கருத்துக்கணிப்பில், இல்லை என்றவர்களில் 47 சதவீதம் பேர் நாணயம், வேலை, விலைவாசி போன்றவற்றில் அபாயம் அதிகம் என்றதை முதல் காரணமாகச் சொன்னார்கள். பிரிட்டன்மீது பற்று என்றவர்கள் 27. கூடுதல் அதிகாரம் கிடைக்கும் என்றவர்கள் 25 சதவீதம்தான். ‘சபதம்’ தான் காப்பாற்றியது என்ற கதையை இந்த எண்கள் அவ்வளவாக ஆதரிக்கவில்லை. அதே கணிப்பை வைத்து, 16, 17 வயதுக்காரர்களில் 71 சதவீதம் ஆம் என்றார்கள் என்று அன்று ஊரெல்லாம் பேசியது. அந்த வயதில் அவர்கள் பேசியது மொத்தம் 14 பேரிடம். 65 வயதுக்கு மேற்பட்டோரில் 73 சதவீதம் இல்லை என்றது கொஞ்சம் நம்பத் தகுந்த எண். ஓய்வூதியம் எந்த நாணயத்தில் வரும் என்று அவர்கள் கேட்டதில் தப்பில்லை.

மறுநாளே சாமண்ட் பதவி விலகல் அறிவித்தார். தோற்ற கட்சி வளர்ந்தது: 25,000 பேர் அளவில் இருந்த எஸ்என்பி உறுப்பினர் எண்ணிக்கை சில மாதங்களில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. 2015 தேர்தலில் 59இல் 56 இடங்கள். கன்சர்வேட்டிவ் கட்சியோடு ஒரே மேடையில் நின்ற பாவத்துக்குத் தொழிற்கட்சி 41இலிருந்து ஒன்றுக்கு விழுந்தது. கூடுதல் அதிகாரங்கள் 2016இல் சட்டமாயின. விடுதலை நாள் என்று குறித்திருந்த மார்ச் 24 வந்து சத்தமில்லாமல் போனது. மூன்று மாதம் கழித்து பிரெக்ஸிட் வாக்கெடுப்பு. ஐரோப்பாவில் நீடிக்க வேண்டும் என்றால் பிரிட்டனோடு இருங்கள் என்று 2014இல் சொல்லப்பட்ட ஸ்காட்லாந்து, 62 சதவீதம் நீடிப்போம் என்று ஓட்டுப்போட்டும் வெளியே இழுத்துச் செல்லப்பட்டது. டார்லிங் தரப்பின் வாதங்களில் முழுக்க உடைந்துபோனது இது ஒன்றுதான்.

இன்னொரு வாக்கெடுப்பு வேண்டும் என்று எடின்பரோ கேட்டது, அதே கேள்வியோடு, 2023 அக்டோபர் 19க்கு. லண்டனின் சம்மதம் இல்லாமல் நடத்த முடியாது என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2022 நவம்பர் 23இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, 2019 ஏப்ரல் மாநாட்டில், பவுண்டைப் பகிர்வது என்ற பழைய நிலையைக் கைவிட்டு, விடுதலைக்குப் பின் முடிந்த அளவு சீக்கிரம் சொந்த நாணயம் என்று எஸ்என்பி தீர்மானித்திருந்தது. 2022இல் அரசே வெளியிட்ட பொருளாதார அறிக்கையும் அதைச் சொன்னது. அதுவரை பிரிட்டன் பவுண்டைப் பயன்படுத்திவிட்டு, தக்க நேரம் வரும்போது ஸ்காட்டிஷ் பவுண்ட். எப்போது என்பதற்குத் தேதி குறிக்கவில்லை.